குறிகட்டுவான் துறையில் ஒரு திறப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குச் செல்ல விரும்புவோர் வைகறையிலேயே புறப்படுதல் வேண்டும். படகு எவருக்காகவும் காத்திராது என்பது தீவுப்பகுதி மக்கள் நெடுங்காலம் பழகி அறிந்த உண்மை. அதனை நாமும் அறிந்தேயிருந்தோம். ஆயினும், நம்மைத் துறையிலே தடுத்து நிறுத்தியது கடலுமன்று, காற்றுமன்று. விரல் நீளமேயுள்ள ஒரு கார்த் திறப்பு என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால், நகைத்தபின் இதனை நினைவில் வைத்துக்கொண்டால், என்றேனும் ஒரு நாள் நடுவழியில் அது கைகொடுக்கும்.

நாம் மூவராகப் புறப்பட்டோம்; நாமும், எம் மனைவியாரும், கனடாவிலிருந்து வந்திருந்த பெரியம்மாவும். பெரியம்மா பிறந்த மண் நெடுந்தீவு. 1990 ஆம் ஆண்டில் அதனை விட்டுப் போனவர் மீண்டும் அங்கே காலடி வைத்தாரல்லர். அவருடைய தங்கை, எங்கள் சின்னம்மா, இன்னும் அத்தீவிலேதான் இருக்கின்றார். அவரால் இப்பொழுது நடக்க இயலாது. ஞாயிறுதோறும் தொலைபேசியிலே பேசிக்கொள்வதுதான் இருவருக்கும் உள்ள உறவு. முதல் நாட் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால், அன்று காற்றுக் கடுமையாக வீசியதால் படகு ஓடவில்லை. மறுநாள் இரவு பெரியம்மாவுக்கு விமானம். ஆகவே, எங்களுக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரே நாள்.

புறப்படும்பொழுது பெரியம்மாவின் மடியில் ஓர் உமற்பை இருந்தது. அது நிறையப் பனங்கட்டிக் குட்டான்கள்.

“பனை நிறைஞ்ச நெடுந்தீவுக்குப் பனங்கட்டி கொண்டு போறதோ, பெரியம்மா?” என்று கேட்டோம்.

“அதுக்காக வெறுங்கையோடை போறதோ, மேனை?” என்றார் அவர். அதற்குமேல் நாம் பேசவில்லை.

பண்ணைத் தாம்போதியில் ஏறும்பொழுது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்தியமைத்த கோட்டை நமக்குப் பின்னே மெல்ல மெல்லச் சிறுத்தது. இருமருங்கும் ஆழமில்லாத கடல். அதிலே கம்புகளை நட்டு வலை கட்டியிருந்தார்கள். கம்புக்கொன்றாகக் கடற்பறவைகள் தவமிருந்தன. அல்லைப்பிட்டியைக் கடந்தோம். சீன தேசத்துச் சோங் வமிசக் காலத்து மட்பாண்டங்கள் இவ்வூர் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன என்று சொன்னபொழுது, “இந்தப் பக்கம் அந்தக் காலத்திலை வராத கப்பல் இல்லை” என்று பெரியம்மா பெருமிதத்தோடு கூறினார். வேலணையைக் கடந்து, நீண்ட தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்தோம். வேலி சரிந்த வளவுகளும், கூரையில்லாத கல்வீடுகளும் பல கண்ணிற் பட்டன. பெரியம்மா ஒரு குட்டானைப் பிரித்து, உடைத்து, எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு தந்தார். கார் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பனங்கட்டித் துகள்கள் மடியெங்கும் சிதறின. அப்பொழுது அதனை ஒரு பொருட்டாகவே நாம் எண்ணவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஒரு புறமும், நெடுந்தீவு மக்கள் சாக்கு மூட்டைகளோடு மற்றொரு புறமும் நின்றார்கள். நெடுந்தீவுப் படகிலே ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். காரை ஓரமாக நிறுத்தினோம். கைப் பிறேக்கை இழுத்தோம். கியர்த் தண்டை முன்னே தள்ளி, இயந்திரத்தை நிறுத்தினோம். திறப்பை எடுக்க முயன்றோம்.

திறப்பு வரவில்லை.

முதலில் மெல்ல இழுத்தோம். பின்னர் வலிந்து இழுத்தோம். பாதி வழி பின்னே திரும்பிய திறப்பு, அதற்கப்பால் அசைய மறுத்தது. காரோ நண்பரொருவரிடம் இரவல் வாங்கியது. வயதான ஜப்பானியக் கார். திறப்பை உள்ளே விட்டுவிட்டு ஒரு பகல் முழுதும் கடலுக்கு அப்பால் இருப்பது எவ்வாறு? களவு போகாவிட்டாலும், அந்நிலையில் விட்ட திறப்பு மாலைக்குள் பற்றரியை இறக்கிவிடுமே!

எமது திண்டாட்டத்தைக் கண்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஸ்ரியரிங்கை ஆட்டிப் பார்க்கும்படி ஒருவர் சொன்னார், ஆட்டினோம், பயனில்லை. நயினை அம்மனுக்கு விளக்கேற்றக் கொண்டுவந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை இரக்கமுள்ள ஓர் அம்மையார் நீட்டினார். படகிலிருந்து, “ஏறுறவை ஏறுங்கோ!” என்ற குரல் வந்தது.

பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். “நீ காரோடை நில்லு, மேனை. நான் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போறன்” என்று எம் மனைவியாரைக் காட்டினார். சின்னம்மாவின் முகத்தை நாமும் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை. ஆயினும், வேறு வழியும் தெரியவில்லை. “சரி” என்று சொல்ல வாயெடுத்தோம்.

அவ்வேளையில், நயினாதீவு அடியார்களை ஏற்றிவந்த வான் சாரதி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய்ப் போத்தலைத்தான் முதலிலே தடுத்தார். “எண்ணெய் விடாதேங்கோ அம்மா. தூசி பிடிச்சுப் பிறகு களியாப் போகும்” என்றார். பின்னர் எம்மை இறங்கச் சொல்லித் தாம் அமர்ந்தார். நாம் இவ்வளவு நேரமும் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ திறப்பைப் பார்க்கவில்லை. இயந்திரத்தை இயக்காது, விளக்குகள் மட்டும் எரியும் அளவுக்குத் திறப்பை முன்னே திருப்பிவிட்டு, எதிரேயிருந்த மானிப் பலகையை நோக்கினார்.

“அண்ணை, பாருங்கோ. ‘பீ’ எழுத்து எரியேல்லை. கியர் நிக்கிற மாதிரித் தெரியுது, ஆனால் நிக்கேல்லை.”

காற்பிறேக்கை மிதித்துக்கொண்டு கியர்த் தண்டைப் பின்னே இழுத்தார். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் தண்டு நகரும் பிளவை உற்றுப் பார்த்தார். எம் மனைவியாரிடம் கொண்டையூசி ஒன்றை வாங்கி, பிளவின் முன் மூலையிலிருந்து கடலையளவான கரிய கட்டியொன்றைக் கிண்டி எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பனங்கட்டி! மீண்டும் தண்டைத் தள்ளியபொழுது ‘டக்’ என்ற ஒலி கேட்டது. ‘பீ’ எழுத்து ஒளிர்ந்தது. திறப்பு பணிவுடன் திரும்பி, அவர் கையோடு வந்தது.

அவர் பணம் வாங்கவில்லை. பெரியம்மா இரண்டு குட்டான்களை அவர் கையில் வைத்தபொழுது மட்டும் மறுக்கவில்லை. காரைப் பூட்டிவிட்டு ஓடினோம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த படகுக்காரர் பெரியம்மாவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

நெடுந்தீவுக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அந்த நேரத்துள் இத் திறப்பின் சூத்திரத்தை வாசகர்க்குச் சொல்லிவிடுகின்றோம். 1912 இல் கடிலக் கார்களிலே சார்ல்ஸ் கெற்றரிங்கின் மின்சாரத் தொடக்கி வரும்வரை, காரை இயக்குவோர் முன்னே நின்று கைப்பிடி சுற்றவேண்டியிருந்தது. திறப்பைத் திருப்பியே இயந்திரத்தை இயக்கும் முறையைக் கிறைஸ்லர் கார்கள் 1949 இற் கொணர்ந்தன. பின்னர், களவைத் தடுக்க ஸ்ரியரிங் பூட்டும் அதே திறப்போடு பிணைக்கப்பட்டது. தானியங்கிக் கியருள்ள கார்களில் மற்றுமொரு காவலும் உண்டு. கியர்த் தண்டு ‘பீ’ என்னும் நிறுத்த நிலையை முற்றாக அடைந்தாலன்றித் திறப்பு இறுதிச் சுற்றைச் சுற்றாது. சாரதி மறதியாக இறங்கிப்போக, கார் தானே உருண்டு எவர்மீதும் மோதிவிடலாகாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே, திறப்பு நம்மைப் பிடிவாதமாகத் தடுத்ததென்று நாம் கோபித்தது தவறு. ‘கார் இன்னும் நிற்கவில்லை’ என்பதையே அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஆதலின், திறப்புச் சிக்கினால் முதலிற் கியரைப் பாருங்கள். காற்பிறேக்கை மிதித்துக்கொண்டு தண்டை ஒருமுறை பின்னிழுத்து, மீண்டும் முற்றாகத் தள்ளுங்கள். முன்சில்லு கல்லிலோ பள்ளத்திலோ திரும்பி நின்றால், ஸ்ரியரிங் பூட்டின் முளை இறுகியிருக்கும். ஸ்ரியரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டே திறப்பைத் திருப்புங்கள். கையாற் கியர் மாற்றும் சில கார்களில் திறப்பைச் சற்று உள்ளே அமுக்கிக்கொண்டே பின்னே திருப்புதல் வேண்டும். சில கார்களிலே இக்காவல் மின்சாரத்தால் நடைபெறுவதால், பற்றரி அறவே இறங்கினாலும் திறப்பு விடுபடாது. பிறிதொரு பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் விடுபடும். இவையெதுவுமில்லையாயின், பல்லுத் தேய்ந்த திறப்பே காரணமாகலாம். உலர்ந்த பென்சிற் கரித்தூள் சிறிது உதவும். வலிந்து இழுப்பது மட்டும் ஆகாது. முறிந்த திறப்பு, சிக்கிய திறப்பிலும் பெரிய துன்பம்.

படகு நயினாதீவை ஒரு புறம் விட்டுச் சென்றது. அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலில், 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் இக்கரையிற் கெட்டால் நாலில் ஒரு பங்கே பண்டாரத்துக்கு, மற்ற மூன்றும் உடையவனுக்கு. வணிகப் பண்டம் கொண்டுவருவதாயின் இருவர்க்கும் சரிபாதி என்று அது விதிக்கின்றது. வழியிற் கெட்டவனுக்கு நியாயம் வழங்கிய கரை இது. நமக்கு உதவியவரோ பங்கு எதுவும் கேட்கவில்லை.

இக்கடலிலே துயரமும் உண்டு. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகிலிருந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெரியம்மா நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டு பேசாதிருந்தார். நாமும் பேசவில்லை.

நெடுந்தீவில் முருகைக்கல்லை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய வேலிகள் இன்னும் நிற்கின்றன. ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெட்டவெளியில் மேய்ந்தன. பருத்த பெருக்கமரத்தைக் காட்டி, “இதுக்குள்ளை ஒளிச்சு விளையாடினனாங்கள்” என்றார் பெரியம்மா. ஒவ்வோர் ஒழுங்கையையும் அவரே வழிகாட்டினார், ஒன்றேனும் பிழைக்கவில்லை.

சின்னம்மா விறாந்தையிற் கதிரையில் இருந்தார். படலை திறந்த ஓசையிலேயே, “அக்கா!” என்றார். இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசும் அவ்விருவருக்கும் அப்பொழுது ஒரு சொல்லும் வரவில்லை. நாம் கிணற்றடிக்குச் சென்று நெடுநேரம் முகம் கழுவினோம்.

திரும்பி வந்தபொழுது சின்னம்மா உமற்பையை அவிழ்த்துக் குட்டான்களை எண்ணிக்கொண்டிருந்தார். “இதிலை ஒண்டு உடைஞ்சு பாதியாக் கிடக்குதே, அக்கா?” என்றார்.

“அது காருக்குக் குடுத்த பங்கு” என்றார் பெரியம்மா.

மாலைப் படகிலே திரும்பினோம். குறிகட்டுவானில் அந்த வான் நிற்கவில்லை. அதன் சாரதி எப்பொழுதோ போய்விட்டார். காரிலே ஏறி, திறப்பை இட்டு, புறப்படுமுன் மானிப் பலகையைப் பார்த்தோம். ‘பீ’ எழுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் இருந்த பெரியம்மா, வெறுமையான உமற்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கடற்பக்கமே திரும்பியிருந்தார். தாம்போதியிலே நாம் காரை மெதுவாகவே செலுத்தினோம்.