ரொட்டியும் கலவரமும்

‘தி ஹங்கர் கேம்ஸ்’ பற்றி நம் வட்டத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. இளையோர் நாவல், லட்சக்கணக்கில் விற்றது, ஹாலிவுட் படமாகவும் வந்தது. ஒதுக்கிவிட நமக்கு இந்த மூன்று காரணங்களே போதும். சூசன் காலின்ஸின் உரைநடையில் நின்று ரசிக்க அதிகமில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடலாம். ஆனால் 2008இல் வந்த நாவலுக்கும் 2012இல் கேரி ராஸ் இயக்கிய படத்துக்கும் நடுவே ஏதோ தொலைந்துபோயிருக்கிறது. காட்டுப்பள்ளிப் பக்கம் இருப்பவன் என்பதால் அது என்னைக் கூடுதலாக உறுத்துகிறது.

பானெம் என்றொரு எதிர்கால தேசம். காபிடல் என்ற தலைநகரம்; அதற்கு உழைத்துக் கொட்ட பன்னிரண்டு மாவட்டங்கள். பழைய கிளர்ச்சி ஒன்றுக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று சீட்டெடுத்து அரங்கத்தில் விடுகிறார்கள். ஒருவர் மிஞ்சும்வரை கொலை, தேசமே டி.வி.யில் பார்த்தாகவேண்டும். கதை சொல்லும் காட்னிஸ் பன்னிரண்டாவது மாவட்டத்துப் பெண். அங்கே தொழில் நிலக்கரி தோண்டுவது. ஆனால் அங்கே மின்சாரம் இருப்பது மாலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

இந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எண்ணூரில் 1970இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை நிலையமும் வல்லூரும் வந்துவிட்டன. கரி இறக்க 2001இல் எண்ணூர்த் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம்பெயர்ந்தது. வெளிச்சம் நகரத்துக்கு, சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக்கு. இங்கே யாரும் பிள்ளைகளைச் சீட்டெடுக்கவில்லை. ஒப்புமையை அதற்குமேல் இழுப்பது அசட்டுத்தனம்.

நாவலில் பசிக்கு ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு வயதில் பெயர் ஒரு சீட்டில் ஏறும். பிறகு வருஷத்துக்கு ஒன்று கூடும். பட்டினிக்காரர்கள் பெயரைக் கூடுதலாக எழுதிக்கொடுத்தால், ஒரு சீட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும், அதுவும் அற்ப அளவில், கிடைக்கும். தாய், தங்கை, தான் என்று வருஷம் மூன்று எழுதிக்கொடுத்த காட்னிஸுக்குப் பதினாறு வயதில் 20 சீட்டு. ஐந்து பேரைத் தாங்கும் அவள் தோழன் கேலுக்கு 42. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. படத்தில் 42 என்ற எண் ஒரு தரம் காதில் விழுகிறது. கூடுதல் உணவு வாங்காதே என்று தங்கையிடம் ஒரு வசனம். மற்றபடி பசி ஒரு சூழலாகிவிடுகிறது: சாம்பல் பூத்த வீடுகள், வெறித்த முகங்கள். சீட்டெடுக்கும் காட்சியின் நிசப்தத்தில் மட்டும் படம் நாவலைத் தாண்டுகிறது.

நாவல் முழுக்க காட்னிஸின் ‘நான்’. அரங்கத்துக்கு வெளியே நடப்பது அவளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் கட்டுப்பாட்டு அறையைத் திறந்து காட்டுகிறது. நெருப்பும் மிருகங்களும் அங்கிருந்து ஏவப்படுகின்றன. நாம் காபிடல்காரன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறோம். இதை இயக்குநரின் விமரிசனம் என்று வாதிக்கலாம். அந்த நாற்காலி சௌகரியமாக இருந்தது என்பதே என் ஆட்சேபம்.

பதினோராவது மாவட்டத்துச் சிறுமி ரூ சாகிறாள். காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடி, மூன்று விரலை உயர்த்துகிறாள். உடனே படம் பதினோராவது மாவட்டத்துக்குத் தாவுகிறது: கலவரம், சிதறும் தானியம், பீய்ச்சும் தண்ணீர். பிம்பத்தின் சக்தியைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த மூன்று விரல் 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியான்மரிலும் ராணுவ ஆட்சிக்கு எதிராக உயர்ந்தது.

நாவலில் அந்த இடத்தில் கலவரம் இல்லை. பாராசூட்டில் ஒரு ரொட்டி இறங்குகிறது. ரேஷன் தானியத்தில் செய்த கறுத்த ரொட்டி. பிறை வடிவம், மேலே விதைகள். பார்த்ததுமே எந்த மாவட்டத்தது என்று அவளுக்குத் தெரிகிறது. ரூவுக்கென்று காசு சேர்த்திருக்கிறார்கள். அவள் செத்த பிறகும் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் அந்நிய மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை பேர் தங்களிடம் இல்லாததைக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்கிறாள். நாவலில் இதைவிடப் பெரிய எதிர்ப்பு இல்லை. படத்தில் ரொட்டியே இல்லை.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் அப்பியபோது காமிராக்கள் வந்தன. எண்ணெயில் ஊறிய கூழைக்கடாக்கள், வாளியில் எண்ணெய் அள்ளும் மீனவர்கள். பதிவாகவேண்டியதுதான். வருஷக்கணக்காக ஆற்றடியில் படியும் சாம்பலுக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதில்லை. சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் கைகளுக்கு மட்டும் அது தெரியும்.

திரைக்கதையில் ராஸ், பில்லி ரே இருவரோடு காலின்ஸின் பெயரும் இருக்கிறது. ரொட்டி போனதற்கு அவரும் சம்மதித்திருக்கவேண்டும். சின்னப் பொருள் சினிமாவில் எடுபடாது என்பார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில், துர்கா இறந்த பிறகு, அவள் திருடி ஒளித்துவைத்த மாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. குளத்தில் எறிகிறான். விலகின பாசி மெல்ல வந்து மூடிக்கொள்கிறது. ராய் அதற்கு ஒரு வசனம்கூட வைக்கவில்லை.