மார்க் போடாத விளையாட்டு

வீடியோ கேமுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! வீட்டில் வளர்ந்த பையன் இருந்தால் சம்பந்தம் தானாக வந்து சேரும். எனக்கு அது ஒரு மணிக்கட்டு வழியாக வந்தது.

என் பையனுக்குப் பதினைந்து வயது. போன வருஷம் என் தம்பி பெங்களூரிலிருந்து வரும்போது அவனுக்கு ஒரு ஸ்கேட்போர்டு வாங்கி வந்தான். நான்கு குட்டிச் சக்கரம் வைத்த பலகை, அவ்வளவுதான். அதில் நின்றுகொண்டு தெருவில் போனவன், யாரோ வீடு கட்டக் கொட்டிய ஜல்லி சிதறிக் கிடந்த இடத்தில் சக்கரம் சிக்கி, கையை ஊன்றி விழுந்தான். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. விழும்போது எல்லாருமே கையைத்தான் ஊன்றுவோம், அதனால் இந்த விளையாட்டில் மணிக்கட்டு போவது சகஜம் என்றார் டாக்டர். பலகை பரணுக்குப் போயிற்று.

கட்டுப் பிரித்து, கைக்குப் பயிற்சியெல்லாம் முடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகு ஆரம்பித்தான். "நிஜப் பலகை வேண்டாம்னா கம்ப்யூட்டர்லயாவது ஆடறேம்மா!" மாமன்காரன் இருக்கும்போது கேட்பானேன்! விளையாட்டும் வந்தது, கையில் பிடித்து ஆட்டுகிற கன்ட்ரோலரும் வந்தது.

விளையாட்டின் பெயர் 'செஷன்: ஸ்கேட் சிம்'. கனடாவில் மான்ட்ரியல்காரர்களான கிரியேச்சர் ஸ்டூடியோஸ் செய்தது. 2017-ல் விருப்பமுள்ளவர்களிடம் பணம் திரட்டி, 2019-ல் முடிந்தவரை வெளியிட்டு, 2022 செப்டம்பரில் முழுசாகக் கொண்டுவந்தார்களாம். நிஜத்தில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பிடிவாதம்.

குக்கர் வாங்கினாலும் சரி, நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிப்பது என் வழக்கம். கல்லூரியில் படிக்கும் என் பெண்ணை உட்காரவைத்து, இதைப் பற்றி விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துச் சொல்லச் சொன்னேன். பாதிப் பேர் புகழ்கிறார்கள், பாதிப் பேர் அலுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது!

முதலில், கஷ்டம். கன்ட்ரோலரில் இரண்டு பெருவிரலுக்கும் இரண்டு சின்னக் குச்சிகள் இருக்கும். மற்ற விளையாட்டுகளில் ஒன்று நடக்க, ஒன்று பார்க்க. இதில் ஒரு குச்சி இடது கால், இன்னொன்று வலது கால். பலகையோடு ஒரு சாதாரணக் குதி குதிக்கவே பின்காலை அழுத்தி, சரியான நொடியில் முன்காலை உந்தவேண்டும். திரும்புவதற்கு ஆள்காட்டி விரல்கள். முதல் இரண்டு நாள் எங்கள் பையன் நடைபாதை விளிம்பைத் தாண்டவில்லை. "நம்ம வீட்டுப் படியைவிடச் சின்னதா இருக்கேடா!" என்றார் என் கணவர்.

இரண்டாவது, மார்க் கிடையாது. 1999-ல் வந்த டோனி ஹாக் விளையாட்டில் இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள். அதற்குள் பறந்து, சுழன்று, புள்ளிகளை வாரிக் குவிக்கவேண்டும். 2007-ல் வந்த 'ஸ்கேட்' கொஞ்சம் நிஜத்தை ஒட்டி வந்தது என்றாலும் அதிலும் புள்ளி உண்டு. இதிலோ யாரோ வந்து சின்னச் சின்ன வேலை கொடுப்பதோடு சரி. அழகாகச் செய்தாலும் கைதட்டல் இல்லை, கெடிகாரம் இல்லை. "என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு கட்சி கேட்கிறது. "தெருவில் பலகை ஓட்டுகிறவனுக்கு யார் மார்க் போடுகிறார்கள்?" என்று மறு கட்சி.

இதில் நான் மறு கட்சிதான். எங்கள் பையன் எப்படிப்பட்டவன் தெரியுமா? எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வந்தது என்று அதோடு பேச்சையே விட்டவன். செஸ்ஸில் தோற்றான், செஸ் போயிற்று. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு எல்லாமே மார்க்தானே! அப்படிப்பட்டவன், ஒரே படிக்கட்டுக் கைப்பிடியில் பலகையைச் சறுக்க வைக்க ஒரு சாயங்காலம் முழுக்க விழுந்து விழுந்து எழுந்தான். முகம் சுளிக்கவில்லை. முடித்ததும் யாரையும் கூப்பிடவும் இல்லை. கறிகாய் நறுக்கிக்கொண்டே நான்தான் பார்த்தேன்.

ஆனால் "கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை" என்று விமர்சகர்கள் சொல்வது நியாயமான குறை. ஆரம்பத்தில் சொல்லித்தரும் பாடம் போதவே போதாது. பாதியை நாமே தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். நிஜம்போல் இருக்கவேண்டும் என்று அதற்கும் சமாதானம் சொல்கிறார்கள் சிலர். எனக்கு இது எங்கள் பெரியம்மா சமையல் சொல்லித்தருவது மாதிரி இருக்கிறது. "உப்பு கண்ணளவு, புளி கையளவு, தானா வரும்!" யார் கண்ணு, யார் கை? கஷ்டமான வேலையாக இருப்பது வேறு, சொல்லிக்கொடுக்காமல் விடுவது வேறு. முன்னதை மெச்சலாம், பின்னதை ஏன் மெச்சவேண்டும்?

ஊர் உயிரில்லாமல் இருக்கிறது என்பது இன்னொரு குறை. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, சான்ஃபிரான்சிஸ்கோ என்று அமெரிக்க நகரங்களின் நிஜமான இடங்களைப் பார்த்துப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். ஆனால் வாழ்க்கை நடக்கிற மாதிரி இல்லை. 2020-ல் வந்த 'ஸ்கேட்டர் எக்ஸ்எல்' என்ற இதேமாதிரி விளையாட்டையும் இப்படித்தான் குறை சொன்னார்களாம். விமர்சனம் எதுவும் படிக்காத என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, அந்த ஊர்ல ஊரடங்கா?" என்றாரே பார்க்கலாம்!

விமர்சகர்கள் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. விளையாட்டுக்குள்ளேயே பிசகு இருக்கிறது என்பது. சில சமயம் பலகை சுவரில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஆள் கை கால் முறுக்கிக்கொண்டு விழுவான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் பையன் கோபப்பட்டு கன்ட்ரோலரை வீசியது அப்போது மட்டும்தான். "நூறு தடவை விழுந்தியே, அப்பல்லாம் கோபம் வரலையே?" என்று கேட்டேன். "அதெல்லாம் என் தப்பும்மா. இது என் தப்பில்லே. இது ஜல்லி" என்றான்.

எத்தனையோ பேர் எழுதியதைக் கேட்டதில் எனக்குத் தெளியாதது அந்த ஒரு சொல்லில் தெளிந்தது. தன் தப்பால் விழுந்தால் அடுத்த தடவை காலை எங்கே வைப்பது என்று தெரிகிறது. அடுத்தவர் தப்பால் விழுந்தால் என்ன தெரியும்? வலி தெரியும், அல்லது நமக்கு வராது என்ற எண்ணம் வரும். கடினமான விளையாட்டுக்கு நேர்மை வேண்டும். மற்ற எந்தக் குறையையும்விட இதை விமர்சகர்கள் பெரிதாக எழுதியிருக்கலாம்.

என் பங்குக்கு ஒரு குறை நான் சொல்கிறேன். இதில் விழுந்தால் வலிப்பதில்லை. ஓரிடத்தில் அடையாளம் வைத்துவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தியதும் பழைய இடத்தில் முழு ஆளாக வந்து நிற்கிறான். ஆறு வாரக் கட்டும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. நிஜம் நிஜம் என்று எவ்வளவு சொன்னாலும் அந்த நிஜம் அதில் வராது, வரவும் வேண்டாம்!

போன மாதம், நான் எதிர்பார்த்தபடியே, பலகையைக் கேட்டான். இவர் முடியாது என்றார். மாமியார் பேச்சே கூடாது என்றார். நான் ஒரு வாரம் யோசித்தேன். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் ஸ்கேட்போர்டில் விடக்கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே கூடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2002-ல் அறிவுறுத்தியிருப்பதாகப் பெண் தேடிச் சொன்னாள். இவனுக்குப் பதினைந்து. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டில் தங்கம் வாங்கிய ஜப்பான் பெண் மோமிஜி நிஷியாவுக்குப் பதின்மூன்றுதான் என்பதையும் அவளே சொன்னாள், தம்பிக்குப் பரிந்துகொண்டு!

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். தெருவில் கூடாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சிமென்ட் போட்ட கூடைப்பந்து மைதானம் இருக்கிறது. ஞாயிறு காலை அனுமதி வாங்கியாயிற்று. தலைக்கவசம், முழங்கால் உறை, முழங்கை உறை, எல்லாவற்றுக்கும் மேலாக மணிக்கட்டுக்கு உள்ளே தகடு வைத்த உறை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை. கூடவே ஒருவர் போகவேண்டும். நானும் இவரும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் முறை வரும்போது ஒரு விளக்குமாறும் எடுத்துப் போகிறேன். அவன் உறைகளை மாட்டி முடிப்பதற்குள் மைதானத்தை ஒரு மூலை விடாமல் பெருக்கிவிடுவேன். பிறகு திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வேன். விழுகிறான்தான். விழட்டும்.