எங்கள் வீட்டு மீன்தொட்டி

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர். ஹௌரா இரயில்வே குடியிருப்பில் இரண்டே அறைகளில் வாழும் எழுத்தன் ஒருவனுக்கு மீன்தொட்டி ஏன் என அன்பர்கள் ஐயுறலாம். ஆசை ஒன்பது வயதான என் மகளுடையது. வடிகட்டி, நீரேற்றி, விளக்கு யாவும் ஒருங்கே அமைந்த தொட்டியின் விலையைக் கடையில் விசாரித்தேன். அஃது எங்கள் ஒரு மாத மளிகைச் செலவை விஞ்சி நின்றது. ஆகவே, நாமே செய்துகொள்வது எனத் துணிந்தோம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்பது அளவு. 5 மில்லிமீட்டர் கண்ணாடியைக் கடைக்காரரே அறுத்துத் தந்தார். ஒட்டுவதற்குச் சிலிக்கோன் பசை. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பசை மீனுக்குத் தீங்காதலின், அது கலவாததைக் கேட்டு வாங்குதல் வேண்டும். 50 லிட்டர் நீரும் கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்தால் ஏறக்குறைய 65 கிலோ எடையாகும். கால் ஆடும் மேசை இதற்கு உதவாது.

கடைத் தொட்டிகளில் பின்புறம் நெடுகத் தடுப்பு வைத்து, அதன்பின் கருவிகளை மறைத்திருப்பர். நாங்கள் வலப்பக்க ஓரத்தில் ஐந்தங்குலம் விட்டுக் குறுக்கே தடுப்பை நிறுத்தினோம். அதற்குப் பாதிக் கண்ணாடியே போதுமானதாயிற்று. நீர் தடுப்பின் மேல்விளிம்பில் வழிந்து, பஞ்சினூடும் சுட்டமண் வளையங்களினூடும் இறங்க, அடியிலுள்ள நீரேற்றி அதனை மீண்டும் மீன்களிடம் சேர்க்கும். நீர் ஆவியாகிக் குறைவது இச்சிற்றறையில்தான் தெரியும். நீரேற்றி வெளியே தெரியுமுன் நீர் வார்த்துவிட வேண்டும்.

கண்ணாடி 900 ரூபாய், பசை 200, நீரேற்றி 350, விளக்கு 250, பஞ்சும் வளையங்களும் 200, கூழாங்கல் 100. ஆக 2,000 ரூபாய். பொம்மைகளும் செயற்கைச் செடிகளும் வாங்கவில்லை. அந்தப் பணத்தில், நீரிலுள்ள நஞ்சை அறியும் சோதனை நீர்மத்தை அடுத்த வீட்டு மதுரை அன்பரும் நானுமாகப் பகிர்ந்து வாங்கினோம்.

பசை உலர்ந்து, கசிவில்லையென உறுதிப்பட்டதும், குளோரின் நீக்கும் மருந்திட்ட நீரை நிரப்பினோம். மீன் விடவில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்கும். வேறொரு வகை அதனை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். முன்னிரண்டும் மீனைக் கொல்ல வல்லவை. அந்நுண்ணுயிர்கள் பஞ்சிலும் வளையங்களிலும் குடியேறப் பல வாரங்கள் ஆகும். அவற்றுக்காக நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவைத் தூவி வந்தோம்.

மூன்றாம் வாரம் என் மகள் பொறுமையிழந்து, “அப்பா, நாம் தண்ணீரையா வளர்க்கிறோம்?” என்றாள். “ஆம், அம்மா” என்றேன். வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. அன்று முதல் சோதனைக் குழாயின் நிறத்தை நாட்குறிப்பில் அவளே எழுதலானாள். ஐந்தாம் வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையெனக் கண்டோம்.

அடுத்த ஞாயிறு கல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தையில் ஆறு வரிமீன்கள் வாங்கினோம். ஜீப்ரா மீன் எனப்படும் இச்சிறுமீனைப் பிரான்சிஸ் ஹாமில்டன் என்பார், கங்கை மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் முதன்முதல் விவரித்தார். இந்நாட்டு மீனாதலின் வங்கத்துக் குளிரைத் தாங்கும். சூடேற்றியின் செலவும் மிச்சம்.

இன்று வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுகிறோம். எடுத்த நீர் துளசிக்கு. பஞ்சைக் குழாய் நீரில் அலசுவதில்லை; குளோரின் நுண்ணுயிர்களை அழித்துவிடும். எடுத்த தொட்டி நீரிலேயே அலசுகிறோம்.

தொட்டி செய்ய விழையும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கண்ணாடியில் சிக்கனம் செய்யலாம், அலங்காரத்தை அறவே விடலாம், நீர் பக்குவப்படும் நாட்களை மட்டும் குறைக்க வேண்டா. குழந்தைகள் அவசரப்படுவர். அவர்கள் கையில் ஒரு நாட்குறிப்பைக் கொடுங்கள்.