ஹுவே: ஒரு பகலில் ஓர் அரச மரபு

வியட்நாமின் நடுப்பகுதியில், துருவோங் சோன் மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய சமவெளியில் அமைந்த ஹுவே, 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகராக விளங்கிய நகரம். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் அந்நாட்டிலிருந்து முதலில் இடம்பெற்றது, 1993-இல் சேர்க்கப்பட்ட ஹுவேயின் நினைவுச்சின்னத் தொகுதியே. இங்கு வரும் பயணிகளுள் பலர், தா நாங், ஹோய் ஆன் போன்ற அண்டை நகரங்களிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடும் வழிகாட்டிச் சுற்றுலாவையே தேர்ந்தெடுக்கின்றனர். கோட்டையும் அரண்மனையும், தியென் மு பௌத்தக் கோயில், மூன்று மன்னர்களின் கல்லறை வளாகங்கள், ஆற்றில் சிறிது நேரப் படகுப் பயணம் ஆகியவை அத்தகைய சுற்றுலாவில் வழக்கமாக இடம்பெறும். நிறுவனத்துக்கு நிறுவனம் இவற்றின் வரிசை மாறினாலும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆயினும் இவற்றுள் அரண்மனையையும் கல்லறைகளையும் கட்டப்பட்ட கால வரிசையில் பார்ப்பவருக்கு, ஓர் அரச மரபு தன்னம்பிக்கையோடு எழுந்து, துயரத்தில் தளர்ந்து, அயலாட்சியின் கீழ் வெறும் அலங்காரமாக எஞ்சிய வரலாறு ஒரே பகலில் விளங்கிவிடும் என்பதால், வரிசையும் பொருட்படுத்தத் தக்கதே.

இந்நிலப்பகுதி தொடக்கத்தில், சிவ வழிபாடும் சமஸ்கிருதக் கல்வெட்டு மரபும் வேரூன்றியிருந்த சம்பா அரசுக்கு உரியதாக இருந்தது. 1306-இல் சம்பா மன்னர் மூன்றாம் ஜெய சிம்மவர்மன், வியட்நாமிய இளவரசி ஹுயென் திரானை மணந்தபோது, இப்பகுதியை உள்ளடக்கிய இரு மாநிலங்களை வியட்நாமிய அரசுக்கு அளித்தார். பிற்காலத்தில் நுயென் குடும்பத்தினர் இங்கிருந்து தென்பகுதியை ஆண்டனர். தாய் சோன் எனப்படும் கிளர்ச்சியில் அக்குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அழிந்தபோது தப்பிய நுயென் ஆன் என்பவர், நீண்ட போருக்குப் பின் நாடு முழுவதையும் வென்று, 1802-இல் யா லாங் என்னும் பட்டப்பெயருடன் அரியணை ஏறினார். அவருடைய போராட்டத்தில் தமிழ் நிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பிரெஞ்சு உதவி நாடிய அவர், தம் மகனான சிறுவயது இளவரசர் கானைப் பிக்நோ த பெயேன் என்னும் கத்தோலிக்க ஆயருடன் அனுப்பிவைக்க, அவர்கள் 1785-இல் முதலில் வந்துசேர்ந்த இடம் புதுச்சேரி. அங்கிருந்து பிரான்சு சென்று 1787-இல் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டனர். ஆனால் புதுச்சேரியின் ஆளுநர் படை அனுப்ப உடன்படாததால், ஆயர் தாமே பொருளும் ஆளும் திரட்டி 1789-இல் வியட்நாமுக்குக் கப்பலேறினார். அவருடன் சென்ற பிரெஞ்சு வீரர்கள் வழியாகவே ஐரோப்பியக் கோட்டை அமைப்பு முறை யா லாங்கின் படையினருக்கு நெருக்கமாக அறிமுகமாயிற்று.

அம்முறையின் விளைவை ஹுவே கோட்டையில் காணலாம். 1805-இல் தொடங்கி 1832-இல் நிறைவுற்ற அதன் மதில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றளவும் 6 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்டு, செங்கல் முகப்புகளுக்கு இடையே மண் நிரப்பி எழுப்பப்பட்டது. மதிலிலிருந்து கூர்முனைகளாக வெளியே நீளும் 24 கொத்தளங்கள், மதிலடியில் வரும் பகைவரைப் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்கு ஏற்றவை. 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வகுத்த முறை இது. ஆனால் கோட்டை எங்கே அமைய வேண்டும், எத்திசை நோக்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்தது பெங் சுயி, அதாவது மலை, நீர், திசை ஆகியவற்றின் இயைபைக் கொண்டு மனை தேரும் சீன மரபு. அதன்படி தெற்கே உள்ள ஙு பின் குன்று தீமையைத் தடுக்கும் திரையாகவும், முன்னே ஓடும் ஹுவோங் ஆறு, அதாவது நறுமண ஆறு, வளம் சேர்க்கும் நீராகவும், ஆற்றிலுள்ள இரு தீவுத்திட்டுகள் காவல் காக்கும் பச்சை நாகமும் வெண்புலியுமாகவும் கொள்ளப்பட்டன. வழிகாட்டிகள் அரண்மனைக்குள் நுழையும் முன் பயணிகளைக் கொடிமேடையின் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி இந்த அமைப்பை விளக்கினால், பின்னர் காணும் அனைத்துக்கும் அதுவே திறவுகோலாகும். ஏனெனில் ஹுவேயில் கட்டடம் என்பது மதிலோடு முடிவதில்லை, எதிரே தெரியும் மலையும் ஆறும் அதன் உறுப்புகளே.

கோட்டைக்குள் மன்னரின் அலுவலகங்களும் குலக்கோயில்களும் அமைந்த அரச நகரமும், அதற்குள் மன்னரின் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட ஊதா நிறத் தடை நகரமும் ஒன்றனுள் ஒன்றாக உள்ளன. அரச நகரின் தெற்கு வாயிலான ஙோ மோன், 1833-இல் மின் மாங் மன்னரால் கட்டப்பட்டது. அதன் ஐந்து நுழைவழிகளுள் நடுவழி மன்னருக்கு மட்டும் உரியது, அடுத்த இரண்டும் அதிகாரிகளுக்கு, ஓரத்தில் உள்ளவை படையினருக்கும் யானை குதிரைகளுக்கும் உரியவை. இவ்வாயிலின் மேலுள்ள மாடத்திலிருந்துதான் 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி மன்னர் பாவோ தாய் தம் முடியாட்சியைத் துறப்பதாக அறிவித்து, அரச முத்திரையையும் வாளையும் புதிய அரசின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். வாயிலைக் கடந்ததும் தாமரைக் குளங்களுக்கு அப்பால் நிற்கும் தாய் ஹோவா மண்டபம், முடிசூட்டு விழாவும் பிற அரச விழாக்களும் நடைபெற்ற அரியணை மண்டபமாகும். சிவப்பும் பொன்னுமாக மெருகெண்ணெய் பூசி நாக உருவங்கள் தீட்டிய 80 மரத்தூண்கள் அதைத் தாங்குகின்றன. பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் 2024 நவம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

அம்மண்டபத்தின் பின்னே விரியும் காட்சி பயணிகளைத் திகைக்கவைக்கும். தடை நகரம் இருந்த இடத்தில் பெரும்பாலும் புல்வெளிகளும் அடித்தள மேடைகளுமே எஞ்சியுள்ளன. 1946-47 குளிர்காலத்தில் பிரெஞ்சுப் படைக்கும் வியட் மின் விடுதலை இயக்கத்தின் படைக்கும் நடந்த போரில் அரண்மனைகள் பல எரிந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி, 1968-இல் தெத் எனப்படும் சந்திரப் புத்தாண்டில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த ஹுவே போரில், குண்டுவீச்சாலும் தெருச்சண்டையாலும் சிதைந்தது. அப்போரில் நகரமக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். மதில்களில் குண்டு துளைத்த தடங்கள் இன்றும் தெரிகின்றன. 1947-இல் அழிந்த கியென் துருங் அரண்மனை மீண்டும் எழுப்பப்பட்டு 2024-இல் திறக்கப்பட்டுள்ளது. புதுமெருகு மின்னும் அதன் முகப்பையே பலர் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். பக்கத்திலுள்ள வெற்று மேடைகளும் அதே வரலாற்றுக்குச் சான்றுகளே என்பதால், அங்கும் சிறிது நேரம் நின்று செல்வதே அவ்விடத்துக்குச் செய்யும் நியாயமாகும்.

போர்களுக்குத் தப்பிய செல்வங்களுள் முதன்மையானவை, மன்னர்களின் குலக்கோயிலான தே மியூவுக்கு எதிரே நிற்கும் ஒன்பது வெண்கலக் கொப்பரைகள். மின் மாங்கின் ஆணையால் 1835-க்கும் 1837-க்கும் இடையே வார்க்கப்பட்ட இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.9 முதல் 2.6 டன் வரை எடையுள்ளவை. யா லாங்குக்கு உரிய நடுக்கொப்பரை மட்டும் மற்றவற்றைவிடச் சற்று முன்தள்ளி நிற்கிறது. ஞாயிறு, திங்கள், கடல், மலை, ஆறு, கால்வாய், நெல், பலா, கமுகு, புலி, யானை, கப்பல், பீரங்கி என ஒரு நாட்டில் உள்ளவையெல்லாம் அவற்றின் மேனியில் புடைப்புருவங்களாக அமைந்துள்ளன. ஹுவோங் ஆறும் ஙு பின் குன்றும்கூட அவற்றில் உண்டு. தன் நாட்டின் நிலத்தையும் விளைவையும் படைவலிமையையும் ஐயமின்றி அறிந்து, அதை அழியாப் பொருளில் பதித்துவைத்த ஓர் அரசின் தன்னம்பிக்கை இக்கொப்பரைகளில் வெளிப்படுகிறது. 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பகுதிக்கான உலக நினைவுப் பதிவேட்டில் இவற்றின் புடைப்புருவங்கள் சேர்க்கப்பட்டன. அரண்மனையில் ஓரிடத்தில் மட்டுமே நெடுநேரம் செலவிட இயலும் என்றால், அவ்விடம் இதுவாகவே இருக்க வேண்டும்.

கோட்டைக்கு மேற்கே, ஆற்றின் இடக்கரையிலுள்ள மேட்டில் தியென் மு கோயில் உள்ளது. வானுலக மூதாட்டி ஒருத்தி இம்மேட்டில் தோன்றி, இங்கே கோயில் எழுப்பும் தலைவனால் நாடு செழிக்கும் என்று முன்னுரைத்ததாகக் கேள்வியுற்ற நுயென் ஹோவாங், 1601-இல் இதை நிறுவியதாக மரபுவழிச் செய்தி கூறும். எண்கோண வடிவில் ஏழு நிலைகளுடன் 21 மீட்டர் உயரும் அதன் கோபுரம் 1844-இல் தியூ திரி மன்னரால் கட்டப்பட்டது. 1710-இல் வார்த்த, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள மணியும், பளிங்கு ஆமையின் முதுகில் நிற்கும் 1715-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அருகே உள்ளன. கோயிலின் பின்பகுதியில் வெளிர்நீல ஆஸ்டின் கார் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. தென் வியட்நாம் அரசு பௌத்தர்களை ஒடுக்கியதை எதிர்த்து, 1963 ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்து உயிர்துறந்த துறவி திக் குவாங் தூக், அவ்விடத்துக்கு வந்திறங்கியது அந்தக் காரில்தான். இக்கோயிலில் துறவியர் இன்றும் வாழ்ந்து வழிபாடு செய்து வருவதால், அமைதி காப்பதும் தோளும் முழங்காலும் மறைய உடுத்துவதும் வருவோரின் கடமை.

நண்பகல் உணவுக்குப் பின் தெற்கேயுள்ள குன்றுகளிடையே கல்லறைகளை நோக்கிப் பயணம் தொடர்கிறது. கல்லறை என்னும் சொல் இங்கே ஒரு சமாதியை மட்டும் குறிப்பதன்று. வாயில், முற்றம், கல்லில் செதுக்கிய அதிகாரிகள் யானை குதிரைகளின் அணிவகுப்பு, மன்னரின் வரலாறு பொறித்த கல்வெட்டு மண்டபம், வழிபாட்டு மண்டபம், ஏரி, தோட்டம், இறுதியில் சமாதி எனப் பல உறுப்புகள் கொண்ட வளாகம் அது.

மின் மாங்கின் வளாகம், இரு கிளையாறுகள் கூடி ஹுவோங் ஆறாகும் இடத்துக்கு அருகே, 1840-இல் தொடங்கி அவருடைய மறைவுக்குப் பின் 1843-இல் நிறைவுற்றது. 700 மீட்டர் நீளமுள்ள நேர்கோடு ஒன்றின்மேல் வாயில்களும் முற்றங்களும் மண்டபங்களும் பாலங்களும் வரிசையாக அமைய, இருபுறமும் ஏரிகளும் மரங்களும் சமநிலையில் விளங்குகின்றன. முடிவில் பிறைவடிவ ஏரிக்கு அப்பால், வட்ட மதிலுக்குள் காடாக வளர்ந்த குன்றின் கீழ் மன்னர் உறங்குகிறார். ஒழுங்கையே அரசியலாகக் கொண்டு நாட்டின் நிர்வாகத்தைத் திருத்தியமைத்த ஒருவரின் மனம், இந்நேர்கோட்டில் நிலைபெற்றிருக்கிறது.

அவருடைய பேரன் தூ தூக்கின் வளாகத்தில் அத்தகைய நேர்கோடு இல்லை. 1864 முதல் 1867 வரை கட்டப்பட்ட இது, வளைந்து செல்லும் பாதைகளும், தாமரை ஏரியும், நீரின்மேல் நிற்கும் மரமண்டபமுமாக, மன்னர் உயிரோடிருந்தபோதே வந்து தங்கிக் கவிதை எழுதிய இளைப்பாறும் இடமாக இருந்தது. அதன் அழகுக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. கூலியின்றிக் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டோர் 1866-இல் கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குள் புகுந்தனர். கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. அதே காலகட்டத்தில் தெற்கு மாநிலங்கள் ஆறும் 1862-இலும் 1867-இலுமாகப் பிரெஞ்சுக்காரர் வசமாயின. இறந்த மன்னரின் புகழை மகன் எழுதிக் கல்லில் பொறிப்பதே மரபு. பிள்ளைப்பேறு இல்லாத தூ தூக் தாமே எழுதினார். ஏறத்தாழ 20 டன் எடையுள்ள அக்கல்லில், தம் நோய், தனிமை, ஆட்சியின் தவறுகள், நாடு இழந்த நிலம் ஆகியவற்றுக்குத் தம்மைப் பொறுப்பாக்கிக்கொள்கிறார். பேரரசர் ஒருவர் தம் தோல்வியைத் தம் கல்லறையிலேயே பொறித்துவைத்தது அரிய செயல். ஹுவேயின் நினைவுச்சின்னங்களுள் இதற்கு நிகரான நேர்மை வேறொன்றில் இல்லை.

மூன்றாவது வளாகம், 1916 முதல் 1925 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் கீழ் அரியணையில் இருந்த காய் தின்னுடையது. பாதுகாப்பாட்சி என்பது மன்னரைப் பெயரளவில் வைத்துக்கொண்டு அதிகாரம் முழுவதையும் அயல்நாடு செலுத்தும் முறை. 1920-இல் தொடங்கி 1931-இல் முடிந்த இதற்கு ஏரியும் இல்லை, தோட்டமும் இல்லை. மலைச்சரிவில் 127 படிகளுக்கு மேல் கருமை படிந்த கான்கிரீட் கட்டடமாக நிற்கிறது. உள்ளே நுழைந்தால், உடைந்த பீங்கானும் வண்ணக் கண்ணாடியும் பதித்துச் செய்த மலர்களும் பறவைகளும் சுவர் முழுதும் ஒளிர்கின்றன. நடுவே, பிரான்சில் செய்யப்பட்ட மன்னரின் வெண்கலச் சிலையும், கனத்த கான்கிரீட்டால் ஆனதாயினும் பட்டுத்துணியின் மடிப்புகளோடு தொங்குவதுபோல் தோன்றும் விதானமும் உள்ளன. இதன் செலவுக்காக மக்களின் வரி உயர்த்தப்பட்டது. கைவினைஞர்களின் திறனில் இது முந்தைய எதற்கும் குறைந்ததன்று. ஆனால் நிலமும் நீரும் மலையும் சேர்ந்து அமைந்த பழைய கலை இங்கே அறைக்குள் ஒடுங்கிவிட்டது. ஆளும் உரிமை பறிபோன மன்னருக்கு அலங்கரிக்கும் உரிமையே மிஞ்சியது.

மாலையில் நாகத்தலை பொருத்திய படகில் ஆற்றைக் கடக்கும்போது, ஒரு பகலில் கண்டவை அனைத்தும் ஒரே வடிவமைப்பின் பகுதிகள் என்பது விளங்கும். ஆயினும் இச்சுற்றுலாவில் விடுபடுபவையும் பல. 2003-இல் யுனெஸ்கோவால் ஏற்பளிக்கப்பட்ட அரசவை இசையான ஞா ஞாக், கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழும் அமைதியான தெருக்கள், புளித்த இறால் விழுதும் எலுமிச்சம்புல்லும் மணக்கும் பூன் போ ஹுவே என்னும் மாட்டிறைச்சி நூடுல்ஸ், கூம்புத்தொப்பியும் ஊதுவத்தியும் செய்யும் ஊர்கள் ஆகியவற்றுக்கு ஒரு பகல் போதாது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கடும் மழையும் வெள்ளமும் வரக்கூடும் என்பதால், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையே செல்ல ஏற்ற காலம்.

ஆகவே ஹுவேக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகள் இயன்றால் இரண்டு இரவுகளாவது அங்கே தங்க வேண்டும். இயலாதவர்கள் மூன்று கல்லறைகளையும் கால வரிசையிலேயே காட்டும்படி நிறுவனத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் இது பழையதா, சீரமைக்கப்பட்டதா, புதிதாகக் கட்டப்பட்டதா என்று வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள். போரில் இத்தனை இழந்தும் மீண்டும் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நகரம் அக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்லும்.