சரிந்த மண்ணில் வெண்கற்கள்

டிசம்பர் 3, அம்பிட்டிய
டித்வா புயல் போன கையோடு வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு பாதி இறங்கிவிட்டது. வீடு நிற்கிறது, உள்ளே போகக்கூடாதாம். பாடசாலை மண்டபத்தில் படுக்கை.

டிசம்பர் 4
மழை. தூக்கமில்லை.

டிசம்பர் 9
உடுப்பெடுக்கப் போனேன். பேராதனையில் தொல்லியல் படிக்கும் அக்கா மகளும் கூட வந்தாள். சரிந்த மண்ணில் வெள்ளை வெளேரென்று கல் துண்டுகள். ஒன்று நகத்தளவுதான், ஒரு விளிம்பில் மட்டும் சின்னச் சின்னச் சில்லுகள் வரிசையாகப் பெயர்ந்திருந்தன. குனிந்தேன்.

“மாமா, தொடாதீங்க.”

அடி விழுந்த இடத்தில் புடைப்பு இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தாள். வெண்கல்லில் அது தெளிவாகத் தெரியாதாம். மனிதன் உடைத்ததோ, சரிவில் மோதி உடைந்ததோ, சொல்ல முடியாது என்றாள்.

“எந்த மண் அடுக்கில கிடந்துச்சுனு தெரிஞ்சாத்தான் வயசு சொல்லலாம். இங்க எல்லாம் கலைஞ்சு போச்சே, மாமா.”

டிசம்பர் 10
மண்டபத்தில் காணி உறுதி கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பாதிப் பேரிடம் இல்லை. வயிறு எரிகிறது.

டிசம்பர் 15
அவள் கொடுத்த கட்டுரைகளை விடிய விடிய வாசித்தேன். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கல குகையில் கிடைத்த சிறு கற்கருவிகளுக்கு வயது 48,000 முதல் 45,000 ஆண்டுகள் வரை. குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடியிருக்கிறார்கள். உச்சாணிக் கொம்பில் தாவுவதைப் பிடிக்க எத்தனை சாமர்த்தியம் வேண்டும்! மழைக்காட்டில் ஆதிமனிதனால் பிழைக்கவே முடியாது என்று நம்பிய அறிஞர்களும் இருந்தார்கள். குருவிட்டைக்குப் பக்கத்துப் படதொம்பலெனக் குகையில் கடற்சிப்பி மணிகள்; கடற்கரைக்கும் மலைக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது. கடல் தாழ்ந்திருந்த அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நடந்தே வரலாம்.

எங்கள் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை நடந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கிடந்த இடத்தை யாரும் குறித்து வைக்கவில்லை.

டிசம்பர் 16
பெருமையாக இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

டிசம்பர் 22
மண்ணை அள்ள இயந்திரம் வரப்போகிறதாம். அதற்கு முன் அக்கா மகள் கற்களைக் கிடந்தபடியே படம் பிடித்து, இடத்தையும் எழுதிக்கொண்டாள். வீட்டைப் பற்றி முடிவு இன்னும் வரவில்லை.

மலையகத்தில் இம்முறை சரிந்த இடங்கள் ஏராளம். அங்கே இப்படிக் கல்லைக் கண்டால் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.