ஏரி வாரியத்தின் ஏழாவது ஆள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறைக்காக அவற்றைப் போற்றுவோர் பலர். ஏரியைக் காப்பதற்கென்றே 6 பேர் கொண்ட வாரியம் ஒன்று அங்கே விதிக்கப்பட்டிருப்பதைக் கவனிப்போர் சிலரே. பணிக்காலம் 360 நாள். எந்த வாரியத்திலிருந்தும் கணக்குக் காட்டாது போனவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். அத்தனை கண்டிப்பு!

அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரியைப் பார்த்துவந்த நீர்க்கட்டி ஒருவர், சனிக்கிழமைதோறும் சுந்தரவரதப் பெருமாளைச் சேவித்தபின் அம்மண்டபத்துக்கும் சென்று சுவரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வார். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. மதகைத் திறந்து கடைமடை வரை நீர் சேர்ப்பது அவர் பணி. களத்தில் அளக்கும் நெல்லே கூலி. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் அந்த நெல்லும் நின்றது. ஏரியை ஏறெடுத்துப் பார்ப்பாரும் இல்லை. கரையெங்கும் வேலிக்காத்தான் மண்டியது. அதன் வேர் நுழைந்த வழியும் எலி தோண்டிய வளையும் மண்கரைக்கு எமன்.

ஓர் ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. ஊரார் அங்கே தேங்காய் உடைத்து மகிழ்ந்தனர். பெரியவர் மட்டும் கரையின் வெளிச்சரிவில், அடியில் ஈரம் கசிந்த இடத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். மண்கரை கசிவது புதிதன்று. கசியும் நீர் தெளிந்திருந்தால் அச்சம் குறைவு. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அந்தத் துளை ஓரிரவில் உடைப்பாகிவிடும். கரைக்குக் கீழேதான் குடியானவர் தெரு.

நீரைக் கையில் ஏந்தினார். கைரேகை தெரியவில்லை.

"தாத்தா, இந்த மழையில கூப்பிட்டா யாரு வருவாங்க?" என்றான் பேரன்.

"கோயில் மணியை அடிடா. வருவாங்க."

வந்தனர். துளையைக் களிமண்ணால் அடைக்க முற்பட்ட இளைஞர்களை அவர் தடுத்தார். "அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும். முதல்ல மணல், அதும்மேல ஜல்லி. தண்ணி போகட்டும், மண்ணு போகக் கூடாது." வீடு கட்டக் குவித்திருந்த மணலை ஒருவர் கேளாமலே தந்தார். சட்டியும் கூடையும் விடிய விடியக் கை மாறின.

கிழக்கு வெளுத்தபோது மீண்டும் கையில் நீர் ஏந்தினார். ரேகை தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் உத்திரமேரூருக்குப் போகவில்லை. ஏரியில் நீர் இன்னும் இறங்கியிருக்கவில்லை.