எலை கொறைஞ்சா யாரு கணக்கு?

எங்கம்மா பீடி சுத்துறவ. தென்காசிப் பக்கம் எங்க சேரிகள்ல பொறந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலையை நனைச்சு வச்சு, தகட்டை வச்சுக் கத்தரியால வெட்டி, தூளை வச்சுச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் சுத்தணும். இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு. குற்றாலத்தில் சீசன் வந்துட்டா ஊரே அருவிக்கு ஓடும். எங்கம்மாவுக்குச் சாரல்னா தூள் நமத்துப் போகுமேங்கிற கவலைதான். அவ மடியில இருந்த சொளவுக்குப் பக்கத்துல உக்காந்துதான் நான் படிச்சேன்.

படிச்சு, சென்னையில் பதினோரு வருசம் மென்பொருள் வேலை பார்த்தேன். எல்லாம் கணக்கு வழக்குக்கான மென்பொருள்கள். வேலை தெரியும், சம்பளம் வந்தது. ஆனாலும் எனக்கு வீடியோ கேம் செய்யணும்னு ஆசை. அதில் டெக்னிக்கல் டிசைனர் என்று ஒரு வேலை உண்டு. விளையாட்டைக் கற்பனை செய்கிறவருக்கும் நிரல் எழுதுகிறவருக்கும் நடுவில் நிற்கிற ஆள். கதவு எப்போ திறக்கணும், எதைத் தொட்டா என்ன நடக்கணும், தோற்றவன் எங்கே போய் நிக்கணும் - இந்த விதிகளை எழுதி, ஓட்டிப் பார்த்து, உடைச்சுத் திரும்பக் கட்டுகிற வேலை.

இந்த வேலை எனக்குப் புதுசு இல்லைன்னு பிறகுதான் உறைச்சது. எந்தத் தெருவுல செருப்புப் போடலாம், எந்தக் கடையில எந்தக் கிளாசை எடுக்கலாம், யார் வந்தா எந்திரிக்கணும் - எழுதாத விதிகளை ஏழு வயசுக்குள்ள மனப்பாடம் பண்ணினவ நான். கண்ணுக்குத் தெரியாத சுவரைக் கேமுக்குள்ள வைப்பாங்க. நடந்து போனா முட்டும். எங்க ஊர்ல அதை யாரும் வரைஞ்சு காட்டாமலே முட்டிக்கிட்டு வளர்ந்தோம்.

பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேன். எதிரே இருந்தவர் தமிழர். "தென்காசியா? எந்தப் பக்கம்?" என்றார். ஊரைச் சொன்னேன். "அதுல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னேன். அதுக்கப்புறம் கேள்விகள் சுருங்கிப் போச்சு. வந்த பதிலில், வெளியான விளையாட்டு எதிலும் நான் வேலை செய்ததில்லை என்று காரணம் எழுதியிருந்தது. அதுவும் உண்மைதான். வேலை கிடைக்க வெளியான விளையாட்டு வேணும், விளையாட்டு வெளியாக வேலை வேணும். வீட்டுல ஒரு வருசம் சும்மா உக்காந்து சாப்பிட முடிஞ்சவன் இந்தச் சுழலைத் தாண்டிருவான். வீட்டுக்குக் கடன் கட்டுறவளுக்கு ராத்திரிதான் மிச்சம். போதாக்குறைக்கு 2023, 2024இல் உலகமெங்கும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

2020இல் கொரோனாவில் ஊருக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலை பார்த்துத் தங்கிட்டேன். பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இலேயே ஜோஹோ அலுவலகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலைன்னா பட்டணத்துக்குத்தான் போகணும்னு இல்லைன்னு எங்க பிள்ளைகள் கண்ணால பார்த்தாங்க. ஆனா அலுவலகம் ஊருக்கு வாரது வேற. எங்க தெருவோட வாழ்க்கை திரைக்குள்ள வாரது வேற.

திரைக்குள்ள நம்ம வாழ்க்கை வரமுடியும் என்பதற்கு 2023 ஜூலையில் வெளியான 'வெண்பா' சாட்சி. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிஞ்சுபோன சமையல் குறிப்பை வச்சு இட்லி அவிக்கிறதுதான் அதில் விளையாட்டு. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. சந்தோசமா இருந்தது. தமிழ் அடுப்படி போன இடத்துக்குப் பீடிச் சொளவு ஏன் போகக்கூடாது?

கோடோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் ராத்திரி ராத்திரியா ஒரு சின்ன விளையாட்டு செய்தேன். இலை வெட்டணும், சுருட்டணும், கட்டணும், பொழுது சாயுறதுக்குள்ள கடையில கொண்டு போடணும். வேகமா சுத்தினா ஜெயிக்கலாம். அம்மா கையில கொடுத்தேன். ரெண்டு தடவை ஜெயிச்சா. பிறகு கீழே வச்சுட்டா.

"என்னட்டி இது, எலை அம்புட்டும் சரியா இருக்கு? எந்தக் கடையில இப்படித் தாராவ? ஆயிரத்துக்குன்னு குடுப்பான், எண்ணூறுதான் தேறும். மிச்ச எலைய நம்ம காசுல வாங்கணும். எலை கொறைஞ்சா யாரு கணக்கு? நம்ம கணக்கு. கொண்டு போனா கழிச்சுப் போடுதவன் எங்க? அவன் இல்லாம எப்படிட்டி பீடி?"

பதினோரு வருச அனுபவக்காரி தலை குனிஞ்சேன். ஆசைக்கு ஒரு பொய்யைச் செஞ்சு வச்சிருக்கேன். திரும்ப எழுதினேன். இலை குறையும். கழிவு விழும். எவ்வளவு வேகமாச் சுத்தினாலும் கணக்கு ஒருநாளும் நேராகாது. பத்து நிமிச விளையாட்டு, ஜெயிக்கவே முடியாது.

"சோகமா இருக்கு, கொஞ்சம் ஜாலியா மாத்துங்க" என்று சிலர் சொன்னார்கள். மாத்தலை. அதைப் பார்த்து ஒரு சின்னக் குழு கூப்பிட்டது. தெருவைக் கேட்கலை. "இதை ஏன் ஜெயிக்க முடியலை?" என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். ஆறு மாத ஒப்பந்தம், பழைய சம்பளத்தில் பாதி. யோசிச்சு, கடனைக் கணக்குப் பார்த்து, சரின்னேன்.

நம்ம பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்வேன். கையில இருக்குற வேலையை விட்டுறாதீங்க. சின்னதாச் செய்யுங்க, ஆனா முடிச்சிருங்க. நம்ம தெருவை மறைச்சு வச்சுட்டு உள்ள போகாதீங்க. அங்க யாருக்கும் தெரியாத விதிகள் நமக்குத் தெரியும்.

அம்மா இப்பவும் சுத்துதா. "ஒன் வெளையாட்டுல கடைக்காரனைத் தோக்கடிக்க ஒரு வழி வையிட்டி"ங்கா. வெளியிலேயே இன்னும் அந்த வழி வரலையே அம்மான்னேன். "அப்ப மொதல்ல வெளியில வைங்க" என்றாள்.